பிணை நின்றவரின் கிணறு

எனக்காக வங்கியில் பிணைக் கையெழுத்து வைத்தவரின் கிணற்றை நானே அளந்து, அதில் உப்பு இருக்கிறது என்று நானே எழுதிக்கொடுக்க வேண்டி வந்தது. அது நடந்து இரண்டு வருஷமாகப் போகிறது. சொந்த ஊரிலேயே வேலை என்றால், போகிற இடமெல்லாம் ஏதோ ஒரு வகையில் சொந்தம்தான். இப்படி ஒன்று வரும் என்று நான் முதலே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

நான் விவசாயம் படித்தவள். பட்டம் எடுத்து வந்து மூன்று வருஷம் வீட்டில் இருந்தேன். பின்னேரங்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தேன். மற்ற நேரமெல்லாம் அரச நியமனத்துக்குக் காத்திருந்தேன். என்னைவிட உம்மாதான் கூடுதலாகக் காத்திருந்தா. வாப்பா மௌத்தான பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நியமனக் கடிதம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது உம்மாவின் கணக்கு. எனக்கோ ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. பேப்பரைத் திறப்பேன், மூடுவேன். வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன்.

அந்த நேரத்தில்தான் கடன் திட்டம் ஒன்று வந்தது. விவசாயப் பட்டதாரிகள் ஊரில் சேவை நிலையம் தொடங்கினால் வங்கி கடன் தரும், வட்டியில் ஒரு பகுதியை அரசாங்கம் தாங்கும். மண் பரிசோதனை, தண்ணீர் பரிசோதனை, நாற்று வளர்த்துக் கொடுத்தல், உழவு மெஷின் வாடகைக்கு விடுதல், இப்படி எதுவும் செய்யலாம். அறிவித்தலைப் படித்து முடித்த கையோடு எழும்பி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனேன். அன்றைக்கு விடுமுறை நாள் என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. பூட்டிய கேட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

உம்மாவுக்கு விருப்பமில்லை.

"கடன் எடுத்து மத்தவங்கட தோட்டத்துக்கு வைத்தியம் பாக்கப் போறியா?"

"ஓம் உம்மா. அதுதானே நான் படிச்சது."

"நியமனம் வந்தா?"

"வந்தா அப்ப பாப்போம்."

ஆனாலும் பிணைக்கு ஆள் தேடிப் போனது உம்மாதான். நிரந்தர அரச உத்தியோகத்தில் இருக்கிற ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும் என்று வங்கி சொன்னது. உம்மாவின் பெரியம்மா மகன், பக்கத்து ஊர் பாடசாலையில் அதிபர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு இரண்டு பேரும் அவர் வீட்டுக்குப் போனோம். நான் திட்டத்தை விளக்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கையெழுத்துத்தானே மகள்? எங்க வைக்கணும், காட்டு."

படிவத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் காட்டிய நாலு இடத்திலும் வைத்துவிட்டு, பிளேன்டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். திரும்பி வரும்போது உம்மா ஸ்கூட்டியின் பின்னால் இருந்து அழுதது எனக்குத் தெரியும். அழுகிறாவென்று காட்டாமல் அழுதா.

கடனின் முதல் பகுதி கிடைத்தது. வீட்டுக்குப் பின்னால் வலைக் கூடாரம் ஒன்று போட்டேன். நாற்றுத் தட்டுகள், தேங்காய்த் தும்புத்தூள், மண் பரிசோதிக்கிற பெட்டி, தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டுகிற பேனை அளவு மீட்டர் எல்லாம் வாங்கினேன். முன்னால் ஒரு போர்ட். போர்ட்டைப் பார்த்து மனிதர்கள் வருவார்கள் என்று நினைத்தேன். முதல் மாதம் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஸ்கூட்டிக்குக் காற்றடிக்கலாமா என்று கேட்க வந்தவர்.

அதனால் நானே தோட்டம் தோட்டமாகப் போனேன். கற்பிட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் மண் இல்லை, மணல்தான். கிணற்றை நம்பித்தான் மிளகாயும் வெங்காயமும். காலையில் மோட்டரைப் போட்டுவிட்டு வரப்பில் நிற்கிறவர்களிடம் போய்க் கதைப்பேன். ஒரு வெங்காயக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மிஸ், நோய் வந்தா மருந்துக் கடைக்கு ஒரு இலையக் கொண்டு போவேன். அவர் பார்த்து மருந்தும் தருவார், கடனுக்கும் தருவார். சொல்றதுக்குச் சல்லி எடுக்க மாட்டார். நான் எதுக்கு உங்களுக்குச் சல்லி தரணும்?"

"அவர் மருந்து விக்கிறவர். மருந்து தேவையில்லை எண்டு அவர் எப்பவாவது சொன்னதுண்டா?"

அவர் சிரித்தார். சல்லி தரவில்லை. ஆனால் மிளகாய் நாற்று ஐந்நூறு சொல்லிவைத்தார். நாற்றுத்தான் என்னைத் தாங்கியது. தட்டில் வளர்ந்த நாற்று நட்டால் வாடாமல் நிற்கிறது என்ற கதை மெல்ல மெல்லப் பரவியது. கடனின் இரண்டாம் பகுதியில் இரண்டு சக்கர உழவு மெஷின் ஒன்று எடுத்து, பெரும்போக மழைக்கு முன்னால் வாடகைக்கு விடுவது என் திட்டம். எட்டுத் தோட்டக்காரர்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். செப்டெம்பரில் அந்தப் பகுதி கிடைக்கும் என்று வங்கியில் சொன்னார்கள்.

ஜூலைக் கடைசியில் ஒரு போன் வந்தது. கட்டாரில் பல வருஷம் வேலை செய்துவிட்டு லீவில் வந்திருக்கிறவர், புத்தளத்துக்காரர். காணி ஒன்று வாங்கப் போகிறாராம். வாங்க முன் மண்ணையும் தண்ணீரையும் பார்த்து எழுத்தில் தர முடியுமா என்று கேட்டார். கேட்ட காசுக்கு மறுபேச்சு இல்லை. போனில் இடத்தை அனுப்பினார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முழு அறிக்கைக்குக் காசு தருகிற முதல் ஆள்.

போன் காட்டிய பாதையில் போனேன். பெரிய ரோட்டில் இருந்து உப்புத் தண்ணீர்க் களப்புப் பக்கம் திரும்பி, தென்னைகளைத் தாண்டி, கம்பி வேலியோடு கொஞ்சத் தூரம். வேலி வாசலில், கடப்பில், ஒரு வெள்ளைக் கார் நின்றது. நான் ஸ்கூட்டியை நிறுத்தினேன், இறங்கவில்லை. அது மாமாவின் காணி. மூன்று ஏக்கர். சின்ன வயதில் அங்கே மிளகாய் ஆய்ந்திருக்கிறேன்.

"இதுதானா நானா?" என்று கேட்டேன். எங்கள் பக்கம் அண்ணனை நானா என்போம்.

"ஓம் தங்கச்சி. ஒரு அதிபர்ட காணி. நல்ல மனுஷன். ஆனா காணி விஷயத்தில நான் ஆளப் பாக்கிறதில்ல."

எனக்குச் சொந்தம் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன், ஆனால் கொஞ்சம் பிந்தி, மண் எடுத்து முடித்த பிறகு. அவர் பெரிதாக எடுக்கவில்லை. "இந்தப் பக்கம் யார்தான் சொந்தமில்ல" என்றார்.

கிணற்றில் வாளியை இறக்கித் தண்ணீர் எடுத்தேன். மீட்டரை முக்கினேன். இலக்கம் ஏறி ஏறி மூன்று தசம் எட்டில் நின்றது. மிளகாய்க்கு ஒன்றைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். மூன்று தசம் எட்டு என்றால் ஏறத்தாழப் பாதி போய்விடும். வெங்காயம் அதைவிட மோசம். மீட்டரைக் கழுவித் திரும்ப முக்கினேன். மூன்று தசம் எட்டு. மூன்றாம் முறையும் அதுதான். தென்மேற்கில் இருந்து அடிக்கிற கச்சான் காற்று தலைத் துணியை இழுத்துக்கொண்டே இருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எவ்வளவு தங்கச்சி?"

"எல்லாம் பார்த்து எழுதித் தாறேன் நானா."

"வார திங்கள் எனக்கு பிளைட். அதுக்கு முன்ன வேணும்."

அன்றைக்குப் புதன்கிழமை.

வீட்டுக்கு வந்து ஸ்கூட்டியை நிறுத்த முதலே மாமாவின் போன். அவருக்குத் தெரிந்துவிட்டது. வந்துபோகச் சொன்னார். போனேன். மாமி பாணும் சம்பலும் கொண்டுவந்து வைத்தா. அதைத் தொடவே என் கை வரவில்லை. மாமா கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டு இருந்தார்.

"மகள், ஜூலை மாசம் எந்தக் கிணறு நல்லா இருக்கும்? சொல்லு. மழை பெய்ஞ்சாத் தானா இறங்கும். உனக்குத் தெரியாததா?"

"கொஞ்சம் இறங்கும் மாமா."

"அப்ப? மழைக்குப் பொறகு அளந்து எழுதினா எவ்வளவு வரும்?"

"தெரியாது. அவருக்குத் திங்களுக்கு முன்ன வேணுமாம்."

"சரி. இலக்கம் போடாத. பயிர் செய்யலாம் எண்டு ஒரு வரி எழுதிக் கொடு. அது பொய்யா? நான் இவ்வளவு வருஷம் செஞ்சிருக்கேனே."

கடைசி மூன்று போகமாக அவர் அங்கே எதையும் நடவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. அந்தக் காணி விற்று வருகிற காசில் மகளுக்கு வீட்டை முடிக்க வேண்டும். பக்கத்து வளவில் சுவர் எழும்பி நின்றது, கூரை இல்லை. மாப்பிள்ளை வீட்டார் நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இருந்த இடத்தில் இருந்து ஜன்னலுக்குள்ளால் அந்தச் சுவர்தான் தெரிந்தது.

"யோசிச்சுச் சொல்றேன் மாமா" என்று எழும்பினேன்.

"என்னத்த யோசிக்க?" என்று மாமி குசினியில் இருந்து கேட்டா. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்று நாட்களும் நான் ஒழுங்காக உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. லெப்டொப்பைத் திறந்து தலைப்பை அடிப்பேன். எழும்பி நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். காலையில் ஊற்றியதற்கே பதினொரு மணிக்கும் ஊற்றி ஒரு தட்டு நாற்று அழுகத் தொடங்கியது. மீட்டரில் பிழை இருக்கலாம் என்று எண்ணி, அளவு சரிபார்க்கிற திரவத்தில் முக்கிப் பார்த்தேன். சரியாகவே காட்டியது. வெள்ளிக்கிழமை காலை யாருக்கும் சொல்லாமல் காணிக்குப் போனேன். கிணற்றில் தேங்கி நிற்கிற தண்ணீர் வேறு மாதிரி இருக்கலாம், கொஞ்சம் இறைத்தால் நல்ல தண்ணீர் ஊறலாம் என்று ஒரு ஆசை. பக்கத்துக் காணிக்காரரின் மோட்டரைக் கேட்டு வாங்கி ஒரு மணித்தியாலம் இறைத்துவிட்டு அளந்தேன். மூன்று தசம் ஏழு. அந்த ஒரு தசத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? ரோட்டுக்கு வந்த பிறகுதான் வெட்கமாக இருந்தது.

உம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தியை நிறுத்தாமல் கேட்டா.

"ஒரு வரியால அந்தப் புள்ளைக்கு ஒரு வீடு கிடைக்கும். வாங்குறவனுக்குச் சல்லிக்குக் குறைச்சலா?"

"அந்த மனுஷன் அதில மிளகாய் நட்டு நாசமாப் போனா?"

"நடுவானா அவன்? காரில வந்தவன்."

"நட்டா உம்மா?"

உம்மா வெட்டின துண்டுகளைச் சட்டிக்குள் போட்டா. பிறகு, "நான்தான் உன்னக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துக் கேட்டது" என்றா. அதற்கு மேல் எனக்கு என்ன செய் என்றோ செய்யாதே என்றோ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் எழுதி முடித்தேன். இலக்கத்தைப் போட்டேன். கடும் வெயில் காலத்தில் அளந்தது, மழைக்குப் பிறகு திரும்பவும் அளந்து பார்ப்பது நல்லது என்று கீழே ஒரு குறிப்பும் போட்டேன். அந்தக் குறிப்பை எனக்காகப் போட்டேனா மாமாவுக்காகப் போட்டேனா என்பது இன்றைக்கும் தெளிவில்லை. வாங்குகிறவரிடம் கொடுக்க முதல் மாமாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. பரீட்சை வேலை என்று அவர் அன்றைக்கும் பாடசாலையில் இருந்தார். கந்தோர் அறையில் தனியாக வினாத்தாள் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். தாளை மேசையில் வைத்தேன். வாசித்தார். முதல் தடவையாக நான் கொடுத்த ஒரு கடதாசியை அவர் முழுவதும் வாசித்தார்.

"இதக் கொடுக்கப் போறியா?"

"ஓம் மாமா."

"உன்ட கடதாசிய நான் வாசிச்சுப் பார்த்தேனா மகள்? நீ காட்டின இடத்தில வச்சேன்."

"தெரியும் மாமா."

"எனக்கு ஒரு வரி எழுத உனக்கு ஏலாது."

 என்ன சொன்னாலும் அது அவருக்குப் புத்தி சொல்வது மாதிரி ஆகிவிடும் என்று பயமாக இருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஊரில் எத்தனையோ பிள்ளைகளின் கட்டணத்தைத் தன் கையால் கட்டினவர். தாளை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப கொடு. நானும் வங்கிக்கு ஒண்டு எழுதுவேன். கோவிக்காத."

வாங்குகிறவர் அன்று பின்னேரம் சந்தியில் காரை நிறுத்திவிட்டு அறிக்கையை வாங்கினார். இலக்கத்தை மட்டும் பார்த்தார். குறிப்பை வாசித்த மாதிரித் தெரியவில்லை. மடித்துப் பையில் வைத்துவிட்டு காசைத் தந்தார். "நேர்மையான ஆள் தங்கச்சி நீங்க" என்றார். அந்த வார்த்தை கேட்டு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் போல மட்டும் இருந்தது.

அடுத்த கிழமை வங்கியில் இருந்து அழைப்பு வந்தது. அன்றைக்கே வரச் சொன்னார்கள். தலவில தேவாலயத் திருவிழா நேரம். ரோடு முழுக்க பஸ். கூரையில் பாய்களும் பானைகளும் கட்டின பஸ்கள், இரண்டு பக்கமும் நடந்து போகிற சனம், நடுவில் நான். பாலாவிச் சந்திக்கு வருவதற்குள் இரண்டு மணித்தியாலம் போய்விட்டது. ஒரு பஸ்ஸின் பின் ஜன்னலில் ஒரு சின்னப் பிள்ளை எனக்குக் கை காட்டிக்கொண்டே இருந்தது. திரும்பக் காட்டுகிற மனநிலையில் நான் இல்லை. வங்கி மூடிவிடுமோ என்று ஹோர்னில் கையை வைத்தபடியே வந்தேன்.

கடன் பிரிவில் இருந்தது ஒரு இளம் சிங்களப் பெண். முதல் நாளில் இருந்தே என் கோப்பை அவள்தான் பார்த்தாள். நாங்கள் சிங்களத்தில்தான் கதைப்போம். மாமாவின் கடிதத்தை எனக்குக் காட்டினாள். ஒரே ஒரு வசனம். தன் சொந்தக் காரணங்களால் இனிமேல் பிணை நிற்க முடியாது என்று.

"ஏற்கெனவே தந்த பகுதிக்கு அவரால் விலக ஏலாது" என்றாள். "ஆனால் இரண்டாம் பகுதிக்கு அவருடைய கையெழுத்து இன்னும் வரவில்லை. வேறு ஆள் வேண்டும். இரண்டு கிழமைக்குள் கொண்டுவாருங்கள்."

"வராவிட்டால்?"

"நிறுத்தி வைப்பார்கள். அரசாங்கம் தருகிற வட்டிப் பகுதியும் இழுபடும். அதுவரைக்கும் முழு வட்டியையும் நீங்கள்தான் கட்ட வேண்டும்." பிறகு குரலைக் குறைத்து, "என்ன நடந்தது?" என்று கேட்டாள். சொன்னேன். மேசையில் இருந்த பேனையை உருட்டிக்கொண்டே கேட்டாள். "எனக்கு இதை எழுதுவதற்கு இடமில்லை" என்றாள், கோப்பைக் காட்டி. ஆனால் எனக்கு இரண்டு கிழமைக்குப் பதிலாக மூன்று கிழமை போட்டுத் தந்தாள்.

அந்த மூன்று கிழமையும் நான் வேறு வேலை பார்க்கவில்லை. நிரந்தர அரச உத்தியோகம் பார்க்கிறவர்கள் யார் யார் என்று ஊரை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். தபால்காரர் ஏற்கெனவே மூன்று பேருக்குப் பிணை நின்று சம்பளம் வெட்டுப்படுகிற மனிதர். எனக்குப் படிப்பித்த டீச்சர் ஒருவர், "புருஷனக் கேக்கணும்" என்று சொன்னதோடு போனை எடுக்கவில்லை. கிராம சேவகர் என்னை இருக்கச் சொல்லி, தேத்தண்ணி தந்து, நாட்டு நிலைமை கதைத்து, கடைசியில், "உங்கட மாமா ஏன் விலகினார்?" என்று கேட்டார். எல்லாரும் கேட்க நினைத்தது அதைத்தான். உண்மையைச் சொன்னால் மாமாவின் காணி விலை போகாது. சொல்லாவிட்டால் நான் ஏதோ கள்ளத்தனம் செய்த மாதிரி இருக்கும். "குடும்ப விஷயம்" என்று சொல்லி வைத்தேன். குடும்ப விஷயம் என்றவுடன் சனம் இன்னும் கூடுதலாக யோசித்தது.

மூன்றாம் கிழமை எங்கள் பகுதி மருத்துவ மாது அக்காவிடம் போனேன். உடப்பு ஊரில் பிறந்தவ, இந்தப் பக்கம் மாற்றலாகி வந்து அரச குவாட்டஸில் இருந்தா. அவவின் கணவர் தலவிலப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து மிளகாய் செய்கிறவர், என்னிடம் நாற்று வாங்கி, மெஷினுக்கும் பெயர் கொடுத்திருந்தவர். எனக்கு அவவோடு அவ்வளவு பழக்கம் இல்லை. அதனால் கேட்பது லேசாக இருந்தது. கைப்பிள்ளைகளை நிறுக்கிற தொங்கு தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டா.

"எந்தத் திகதிக்கு மெஷின் வரும்?"

"கையெழுத்துக் கிடைச்சா ஒரு மாசத்தில அக்கா."

"முதல் மழை விழுந்த உடன எங்கட ரெண்டு ஏக்கரையும் உழுது தருவியா? முதலாவதா? போன முறை எங்கட ஆள் உழவுக்கு அலைஞ்சு அலைஞ்சு பருவம் தப்பிட்டுது. வீட்டில இருக்க ஏலாமல் போச்சு அந்த மனுஷன்ர முகத்தைப் பாத்து."

"ஓம் அக்கா. முதலாவதா."

"வேற ஒருத்தருக்கும் முதல்ல போகக் கூடாது."

"போக மாட்டன்."

"அப்ப கொண்டா."

மாமா ஏன் விலகினார் என்று அவ கேட்கவே இல்லை. கேட்பா என்று நான் வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்த பதில் அப்படியே என் வாய்க்குள் இருந்தது.

கையெழுத்து கிடைத்தும் கடதாசி நகர்வதற்கு நாள் எடுத்தது. ஒக்டோபர் நடுவில் மழை தொடங்கிவிட்டது. மெஷின் வந்தது மாதக் கடைசியில். பெயர் கொடுத்த எட்டுப் பேரில் ஐந்து பேர் வேறு ஆளைப் பிடித்து உழுதுவிட்டார்கள். நான் யாரையும் குறை சொல்ல முடியாது. மழை எனக்காக நிற்குமா? சொன்னபடி முதலில் அக்காவின் இரண்டு ஏக்கர். அக்காவின் கணவர் மெஷினுக்குப் பின்னாலேயே நடந்து, உழுத மண்ணை அடிக்கு அடி குனிந்து பார்த்தார். பிறகு மற்ற இரண்டு பேர். அந்தப் போகத்தில் மெஷின் உழுததைவிட என் வாசலில் நின்றதுதான் அதிகம். வட்டியின் அரசாங்கப் பங்கு கணக்கில் வந்து விழ அடுத்த வருஷம் மார்ச் ஆனது. அதுவரைக்கும் டியூஷன் காசு வங்கிக்குத்தான் போனது.

மாமாவின் காணியை அந்தக் கட்டார்க்காரர் வாங்கத்தான் வாங்கினார். என் அறிக்கையைக் காட்டி விலையை நன்றாகக் குறைத்து வாங்கினார் என்று பக்கத்துக் காணிக்காரர் சொன்னார். நான் அதைக் கேட்டும் பொறுத்துக்கொண்டேன். ஜனவரியில் அந்தப் பக்கம் போனபோது அங்கே கொங்கிறீட் தூண் நட்டுக்கொண்டிருந்தார்கள். காற்றில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்கி விளையாட வருகிற வெள்ளைக்காரர்களுக்கு அறைகளாம். மேசன்மார் கலவைக்கு அதே கிணற்றில் இருந்துதான் தண்ணீர் எடுத்தார்கள். ஒரு மிளகாய்க் கன்று நடுகிற எண்ணம் அந்த மனிதருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. விலை பேசுவதற்கு ஒரு தாள் தேவைப்பட்டிருக்கிறது. நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வேலியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு மேசனிடம் கேட்டு வாளியில் தண்ணீர் எடுத்து அளந்தேன். யாரும் கேட்காமல், யாரும் காசு தராமல். ஒன்று தசம் ஒன்பது. நல்ல தண்ணீர் என்று சொல்ல முடியாது. ஆனால் மாமா சொன்ன மாதிரி மழைக்கு இறங்கித்தான் இருந்தது, பாதிக்குப் பாதி.

நேராக மாமா வீட்டுக்குப் போனேன். ஐந்து மாதத்துக்கு மேலாக அந்த வாசலை மிதித்ததில்லை. முற்றத்தில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கிணறு ஒண்டு தசம் ஒன்பதுக்கு இறங்கியிருக்கு."

நிமிர்ந்து பார்த்தார். "ஆரு அளக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல."

"இப்ப சொல்லி எனக்கு என்ன மகள்?"

"சொல்லணும் போல இருந்திச்சு."

துணியைப் பிழிந்தார். "மூண்டு தசம் எட்டும் உண்மைதான்" என்றார். "அது எனக்கு எப்பவோ தெரியும்." சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பி மற்றப் பக்கம் துடைக்கத் தொடங்கினார். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நான் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தேன்.

மகளின் கலியாணம் ஏப்ரலில் நடந்தது. வீட்டுக்கு ஓடு போடக் காசு போதவில்லை, தகரம் போட்டிருந்தார்கள். உம்மாவும் நானும் போனோம். உம்மாவுக்கும் மாமிக்கும் இடையில் எப்போது சமாதானம் ஆனது என்று எனக்குத் தெரியாது. குசினியில் இருந்து இரண்டு பேரும் ஒரே சகனை, அந்தப் பெரிய சோற்றுத் தட்டை, தூக்கிக்கொண்டு போனார்கள். தகரத்தின் கீழ் சூடு தாங்க முடியவில்லை. கலியாணப் பெண் வியர்த்து வியர்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூரையைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு.

மாமா பெண்கள் பக்கம் ஒருதரம் வந்து போனார். என்னைக் கண்டதும் நின்றார்.

"மெஷின் ஓடுதா?"

"ஓடுது மாமா. இந்தப் போகம் பதினொரு பேர் சொல்லியிருக்காங்க."

"சாப்பிட்டியா?"

"ஓம் மாமா."

தலையை ஆட்டிவிட்டு ஆண்கள் பக்கம் போனார். அவ்வளவுதான் கதை. இப்போதும் சந்தித்தால் மெஷினைப் பற்றிக் கேட்பார், நான் பதில் சொல்வேன்.

அரச நியமனத்துக்கு உம்மா இன்னும் காத்திருக்கிறா. நான் இரண்டாம் மெஷினுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பிணையாளர் பெயர் என்ற இடம் வந்ததும் எழும்பி நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுகிறேன். அறிக்கைகளை இப்போது கேட்ட உடனே எழுதிக் கொடுப்பதில்லை. காணி வாங்கப் போகிறவர் வந்தால், எதற்கு வாங்குகிறீர்கள் என்று முதலில் கேட்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போகிறார்கள். போனவர்களில் எத்தனை பேர் உண்மையாகவே மிளகாய் நடப் போனவர்கள் என்று பிறகு இருந்து யோசிக்கிறேன்.